வாசலுக்கு ஓடிய அம்மா

தாயி,

அந்தக் கேள்வி நம் பிள்ளைகளைக் கவிழ்க்கும் என்று உனக்கும் முன்னால் கண்டுபிடித்தவன் நான்தான். எட்டாவதோடு நின்றவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இன்று மத்தியானம் எங்கோ ஒரு வெடிச் சத்தம். புதுப்பட்டித் தெருவில் பெண்கள் எல்லாரும் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, புகை எந்தப் பட்டாசுக் கம்பெனிப் பக்கம் என்று பார்த்தார்கள். கல்குவாரி வெடிதான் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

விடுதிப் பள்ளிக்குப் பிள்ளைகளை எடுக்கும் பரீட்சையில் இதைத்தானே கேட்டிருந்தார்கள்? ‘வெடிச் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு ஓடினாள். ஏன்?’ நீ பாடம் நடத்திய வகுப்பில் அத்தனை பேரும் ‘யாருக்கு என்ன ஆனதோ என்று பார்க்க’ என்பதற்கு டிக் அடித்திருந்தார்கள். விடையோ ‘சாமி ஊர்வலம் பார்க்க’. தகப்பனை வெடிவிபத்தில் பறிகொடுத்த முத்துமாரிக்கு அந்த ஒரு மார்க்கில் இடம் போனது.

“நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறலன்னு சொல்லிருவாக, தாயி” என்றேன்.

“அதுக்குத்தான் மாமா மல்லாங்கிணத்துப் பிள்ளைக தாளையும் வாங்கியாந்தேன். மத்த கேள்வியில எல்லாம் ஒரே மாதிரி மார்க் வாங்குன பிள்ளைகளச் சோடி சேத்துப் பாருங்க. இந்த ஒண்ணுல மட்டும் நம்ம பக்கம் மொத்தமும் விழுது. கோளாறு பிள்ளையிலயா, கேள்வியிலயா?”

அங்கே காடு கழனி வேலை. வெடி என்றால் திருவிழா. இங்கே வெடி என்றால் என்னவென்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ படுக்கையில் விழுந்த பிறகு, தாள்களை விருதுநகர் கல்வி ஆபீசுக்குக் கொண்டுபோனவன் நான். ஆபீசரே எழுந்து நாற்காலி போட்டதையும், எங்கே படித்தீர்கள் என்று கேட்டதையும் ஆஸ்பத்திரியில் உனக்கு விலாவாரியாகச் சொன்னேன். வலியிலும் சிரித்தாய்.

“அளக்காதீக மாமா. முத்துமாரிக்கு எடம் கெடச்சிச்சா?”

“கெடச்சிருச்சு தாயி. அந்தக் கேள்வியவே எடுத்துட்டாக.”

நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ வீடு திரும்பவே இல்லை.

இப்போதும் டீக்கடையில் எவனாவது ஒரு பிள்ளையை மக்கு என்றால், எந்தக் கேள்வியை வைத்துச் சொல்கிறாய் என்று மல்லுக்கு நிற்கிறேன். லோடு ஏற்றுகிற ஆளுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்கிறார்கள். நீ கொடுத்த பேச்சு, விட முடியவில்லை.

முத்துமாரி இங்கே ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறாள். லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறாள்.

நாற்காலி நிஜம், தாயி. டீ கூட வந்தது. கேள்வியை எடுத்ததாகவும் இடம் கிடைத்ததாகவும் சொன்னதுதான் நானாகச் சேர்த்தது. ஆபீசர் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஒரு கேள்விதானே?” என்று திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார்.