பத்தாம் அத்தியாயத்தில் விட்டுப்போனவர்

மார்ச் 2

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நலம்தானே? மாப்பிள்ளையும் உன் பெண்ணும் சௌக்கியமா?

நம் புதுச் சிறுவர் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. வழக்கம்போல நம் கதாநாயகியை நான் பூட்டிவிட்டேன், அடுத்த அத்தியாயத்தில் நீ திறந்துவிடு. எப்படித் தப்பிப்பாள் என்று எனக்கே தெரியாது. என்னிடம் கேட்கவும் கூடாது, அதுதான் நம் ஒப்பந்தம். நம் வாலு இந்த முறை மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் கிடங்கில் மாட்டிக்கொண்டாள். கூடவே கால் ஒடிந்த காவலாளி ஒருவர். பன்னிரண்டு புத்தகங்களில் இவ்வளவு கெட்டியாக நான் யாரையும் பூட்டியதில்லை, பார்க்கலாம் உன் சாமர்த்தியத்தை.

இன்னொரு விஷயம். நகர நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் மூன்று மாதப் பயிற்சி, அங்கேயே தங்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்து ஆறு வருஷம். திருப்பிப் படுக்கவைக்க, ஊட்ட, என்னைத் தவிர ஆள் இல்லை. பயிற்சி முடிந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம், சம்பளத்தில் பகலுக்கு ஓர் ஆளும் வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று மாதம் நீ வந்து இருப்பாயா?

ஆசையுடன்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு இரக்கமே கிடையாது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாலு கூரையோரத்துக் காற்றுத் துளை வழியாக வெளியேறி, லாரியில் ஒளிந்து போய், தன்னை அடைத்துப்போட்ட கொள்ளைக் கூட்டத்தைப் பிடித்துக் கொடுத்து, பதக்கமும் வாங்கிவிடுகிறாள். என் பெண் படித்துவிட்டு, "சூப்பர்மா, பெரியம்மா தோத்துட்டாங்க" என்றாள்.

நூலகச் செய்தி ரொம்ப சந்தோஷம். ஆனால் இங்கே பரீட்சை நேரம். உன் மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. உன்னைப் போல அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகுமா, நீயே சொல். பிறகு பார்க்கலாமே.

உன் குட்டி

மார்ச் 13

குட்டிம்மா,

அத்தியாயம் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காவலாளி எங்கே? வாலு போனாள், பதக்கம் வாங்கினாள், ஊரே கைதட்டியது. அந்த மனிதர் இன்னும் கிடங்கில் கிடக்கிறார். பத்து வயதுப் பிள்ளைகள் முதல் வாசிப்பிலேயே கேட்டுவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நீ இப்படி ஓர் ஆளை மறந்ததில்லை.

எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. இந்த இரண்டு அறைக்குள் மூச்சு முட்டுகிறது. நேற்று செருப்புக் கடையில் அளவு பார்க்கும்போதே, அப்பா கட்டிலிலிருந்து விழுந்திருப்பாரோ என்று பயம் வந்து, பழைய செருப்போடு ஓடிவந்தேன். ஊர் ஊராக ஒரு சிறுமியை ஓடவிடுகிறவளுக்கு நாற்பத்தேழு வயதில் மூன்று மாதம் கேட்பது பேராசையா? வருவாயா, மாட்டாயா, ஒன்றைச் சொல்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

காவலாளியைச் சேர்த்துத் திருத்த உட்கார்ந்தேன். வெளியே வந்த வாலுவைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அப்போதுதான் என்னையே எனக்குப் புரிந்தது.

பரீட்சை வெறும் சாக்கு. மூன்று மாதம் என்கிறாய். உன் இடத்தில் நான் இருந்தால் திரும்பி வரவே மாட்டேன். நீயும் வர மாட்டாயோ என்று பயமாக இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு தடவை காலை வைத்தால் அப்புறம் நான்தான். நான் வரவில்லை அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குட்டி

மார்ச் 24

தங்கைக்கு,

நீ நினைத்தது சரி. நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். எனக்கே நான் சொல்லிக்கொள்ளாததை நீ கண்டுபிடித்துவிட்டாய்.

நூலகத்துக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். புத்தகத்தையும் நிறுத்திவிட்டேன். பதிப்பாளர் நேரில் வந்து, "நல்லாத்தானேம்மா போயிட்டிருந்துச்சு" என்று வருத்தப்பட்டார். யாரையும் பூட்டிவைக்க இனி எனக்கு மனசில்லை என்றேன். நீயும் இனி எழுத வேண்டாம்.

உன் கடிதம் வந்தபோது அப்பா விழித்திருந்தார். "குட்டி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். அதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "உங்களைத்தான்பா விசாரிச்சிருக்கா" என்று காகிதத்தைப் பார்த்து நானாகவே நாலு வரி படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

அக்கா