நாலாம் நம்பர் ஆள்

19 ஜூலை, சனி
காலைலயே புழுக்கம். தையல் மிஷினுக்கு எண்ணெய். ரெண்டு ரவிக்கை பாக்கி. ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு சொல்லணும்.

அக்கா மகன் பாஸ்கர், நந்தனம் பக்கம் காலேஜ்ல அரசியல் வாத்தியார். வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன நாடுங்கள்ல வளர்ச்சின்னு வந்தா கூடவே சண்டையும் ஏன் வருதுன்னு எழுதிக்கினு இருந்தானே, அது நெட்ல வந்துடுச்சாம். கால்வாயோரம் எங்க வீடுங்கள இடிக்க வந்த கதை மொத்தமும் நான் சொன்னது. புல்டோசர் முன்னால நான் படுத்தது, கலெக்டர் கையெடுத்துக் கும்பிட்டது, எல்லாம். எட்டாங்கிளாஸ்காரன் சொல்றான், டாக்டர் பட்டக்காரன் எழுதறான். அதான் நான்.

சாயங்காலம் ஆட்டோ செல்வம் வந்தான். கோயில் கமிட்டி ஆள். கையில போன்.
"இன்னா மாமா, உன் பேரையே காணோம். 'இன்ஃபார்மன்ட் நாலு'ன்னு கீது."
"அப்படின்னா?"
"இன்ஃபார்மர். போலீசுக்கு ஆள் காட்டறவன்."

20 ஜூலை, ஞாயிறு
தெரு முழுக்கப் பரவிடுச்சு. பால் பூத்துல என்னைக் கண்டதும் பேச்சு நிக்குது. முதுகு திருப்பினா, "எந்த வீட்டுக்குப் பட்டா இல்லன்னு ஆபீசருங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? இப்பதான் புரியுது." என் காதுல விழணும்னே பேசறாங்க.

அடுத்த ஞாயிறு கூழ். வருஷா வருஷம் அம்மன் முன்னால எனக்குத்தான் பரிவட்டம் கட்டுவாங்க. புல்டோசர் முன்னால படுத்ததுக்கு மரியாதை. அன்னிக்கு அவனவன் சாமானைத் தூக்கிக்கினு ஓடினான், நான் படுத்தத எவன் நின்னு பாத்தான். "இந்த வருஷம் யாருக்குன்னு கமிட்டி பேசும் மாமா." செல்வம் தரையைப் பாத்துக்கினு சொன்னான்.

பாஸ்கருக்குப் போன் போட்டேன். "மாமா, இன்ஃபார்மன்ட்னா தகவல் சொன்னவர், அவ்ளோதான். உங்க பாதுகாப்புக்காகத்தான் பேர் போடல. ஆராய்ச்சியில முறை அது."
முறையாம். இங்க என் தலைத்துணி போகுது. இருடா, வெச்சிருக்கேன் உனக்கு.

23 ஜூலை, புதன்
முட்டி வலி. தைலம். வெள்ளிக்கிழமை கோட்டூர்புரத்துல ஒரு ஹால்ல பாஸ்கர் இதைப் பத்திப் பேசறானாம். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு. செல்வத்தையும் வரச் சொல்லியாச்சு, அவன் காதாலயே கேக்கட்டும். பாஸ்கர் கட்டின வீட்டுக்குச் செங்கல் நான். உருவிட்டா?

25 ஜூலை, வெள்ளி
முதல் வரிசை. ஏசி. சமோசா நமுத்துப் போச்சு. திரைல என் பேச்சு பெரிசா, கீழ 'இன்ஃபார்மன்ட் 4'.
எழுந்தேன்.
"அந்த நாலு நான்தான்! வீடு இடிக்க வந்த அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. திண்டிவனத்துல மச்சினிச்சி கல்யாணம். புல்டோசரையும் பாக்கல, கலெக்டரையும் பாக்கல. ஊர்ல இல்லாதவன் எப்படிய்யா காட்டிக் குடுப்பான்? இவர் எழுதினது மொத்தமும் நான் விட்ட சரடு!"
பாஸ்கர் மூஞ்சி வெளுத்த காடாத்துணி. ஹாலே எழுந்து நின்னுது. (பாதிப் பேர் டீக்கு. இருக்கட்டும்.)

ஆனா அந்தப் பய தண்ணி குடிச்சுட்டு இன்னா சொன்னான்? "இதுதான் இன்னும் முக்கியமான தரவு. அரசாங்கம் வீட்டை இடிக்குது. சனங்க அதைக் கதையில திருப்பிக் கட்டறாங்க." ஒரே கைதட்டல். எனக்கு வரவேண்டிய கைதட்டல்.

வரச்சே செல்வம் ஆட்டோல. ஆத்துப் பாலம் தாண்டினப்புறம் கேட்டான்,
"அப்போ நீ காட்டிக் குடுக்கல."
"இல்லடா."
"படுக்கவும் இல்ல."
ஹார்ன் அடிச்சான். முன்னால வண்டியே இல்ல.

27 ஜூலை, ஞாயிறு
தூறல். தெருவெல்லாம் கூழ் வாசனை. எண்ணெய் வெச்சு, வகிடு எடுத்து, வழக்கமா நிக்கற இடத்துல போய் நின்னேன். பூசாரி பரிவட்டத்தைச் சூலத்துக்குக் கட்டிட்டாரு.
"முடிவாகல மாமா. அம்மன்கிட்டயே இருக்கட்டும்"னான் செல்வம். கூழை மட்டும் தளும்பத் தளும்ப ஊத்தினான். கூடவே கருவாடு ஒரு துண்டு.
குடிக்கல.

28 ஜூலை, திங்கள்
பாஸ்கர் வந்தான். புஸ்தகமா வருதாம். அந்த அத்தியாயத்தைத் திருத்தணுமாம். மிஷின் மேல ரெக்கார்டர்.
"இந்தத் தடவை நிஜம் மட்டும் மாமா. உங்க பேரையே போடறேன்."
"சத்தியமா நைனா."
காபி குடுத்தேன். ஆரம்பிச்சேன். வெள்ளைக்காரன் கப்பல் ஏறின அன்னிக்கு கவர்னர் கோட்டுக்கு பட்டன் வெச்சது எங்க தாத்தா. கோட்டு கச்சிதமா இருந்த சந்தோஷத்துல இந்தக் கால்வாய் மொத்தத்தையும் எங்க குடும்பத்துக்கு எழுதி வெச்சுட்டுத்தான் ஏறினார்.
பாஸ்கர் தலையாட்டிக்கினே எழுதறான்.