பின் இருக்கை

ஏப்ரல் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ வாங்கித் தந்த கார் ஒரு வயது முடியும் முன்பே மக்கர் பண்ணுகிறது. நேற்று அம்மாவை டயாலிசிசுக்குக் கூட்டிப் போகும்போது மேம்பால ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் கத்தியது, வண்டி நகரவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டதாம். "காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு நடு ரோட்ல மானம் போச்சு"ன்னு அம்மா சிரிக்கிறாள். கம்பெனியில் விட்டிருக்கிறேன்.

உன் அப்பா

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பா,

கம்பெனியில் பேசினேன். வண்டி முழுசாக நிற்பதற்குள் ரிவர்ஸ் போட்டதால்தான் தேய்ந்ததாம். ஓட்டுகிறவர் தப்புக்கு வாரண்டி கிடையாதாம். பஸ் ஓட்டிய முரட்டுக் கையை ஆட்டோமேடிக் வண்டி தாங்காதப்பா. வயசும் ஆகிறது. அம்மாவை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை வேண்டாம். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். கோபமா?

உங்கள் வாயாடி

மே 2

அன்பு மகளுக்கு,

கோபமெல்லாம் இல்லை. நான் அப்படி ரிவர்ஸ் போட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் நீயே சொல்லும்போது, பழகிய கை தெரியாமல் செய்திருக்கும். என் தவறுதான் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். லைசென்சையும் ஒப்படைத்தாயிற்று. பஸ்ஸில்தான் போகிறோம். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது.

அப்பா

ஜூலை 14

அப்பா,

உங்கள் மேல் தப்பே இல்லை. கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த மாடல் வண்டி எல்லாவற்றிலும் கியர் பாக்ஸ் வால்வு ஆரம்பத்திலேயே கோளாறாம். இலவசமாக மாற்றித் தருகிறார்கள். படித்ததும் அழுதுவிட்டேன். "நான் செய்யலை"ன்னு என்னிடம் ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா? லைசென்சைத் திரும்ப வாங்குங்கள். அம்மாவை நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 3

அன்பு மகளுக்கு,

கார் வந்துவிட்டது. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அழாதே.

வீட்டு கேட்டுக்குள்ளேயே காரை எடுத்துப் பார்த்தேன். ரிவர்ஸ் போடும் முன் வண்டி நின்றுவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது. ஆனாலும் கியரைப் போடக் கை வரவில்லை. இறங்கிவிட்டேன். என் தப்பென்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். சொன்னது நீ அல்லவா?

டிரைவர் வைத்திருக்கிறோம், நிதானமானவர். நாங்கள் பின் இருக்கையில். ஆஸ்பத்திரி போகும்வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறாள். அந்தக் கைக்கு இப்போது வேறு வேலை இல்லையே.

அப்பா