கரையேறும்போது எடுத்த படம்

தச்சநல்லூர், 09.11.2025, ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். உன் படத்தை இதோடு பதினோரு தடவை பார்த்தாச்சு.

அன்பு மகன் கோமதிசங்கருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தங்கச்சி முத்துராணியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நலம் என்றால் அவ்வளவுதான் நலம். பரோடாவில் நீ நல்லாத்தான் இருப்பாய், பரிசு வாங்கினவனுக்கு என்ன குறை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

இங்கன மழை பிடிச்சுட்டு, மச்சு ஒழுகுது. முத்துராணிக்குப் பரீட்சை, அதனால் நான்தான் குழம்பு வைக்கேன், உப்பு கூடிப்போவுது. புதன்கிழமை எக்ஸ்ரே ரூமில் என்கூட வேலை பார்க்கிற ஷமீம் போனை நீட்டி, அண்ணாச்சி உங்க பையன் படத்துக்குக் கண்காட்சியில பரிசாம், தண்ணியில சூரிய உதயமாம், எனக்கென்னவோ ரசம் கொட்டின தரை மாதிரி இருக்குன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்புறம் என் போனுக்கு அனுப்பச் சொல்லிப் பெரிசாக்கிப் பார்த்தேன். இருபது வருஷமா நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்லுகிறவன் நான். ஆரஞ்சும் சிவப்பும் எனக்குப் பெரிசில்லை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று பைய விரியுதே, அது கண்ணில் பட்டது. ஓரத்தில் மஞ்சள் துணி. அஸ்திக் கலயத்தின் வாயில் நான் கட்டின துணி, முடிச்சுகூடத் தெரியுது. லே, அது உங்க அம்மா.

மாசியில் குறுக்குத்துறை ஆத்தில் நீ அஸ்தியைக் கரைச்சு மூழ்கி எழுந்ததும், சடங்கு செய்ய வந்த நடராஜ் அண்ணாச்சி என்ன சொன்னார்? ஒருத்தரும் திரும்பாதீங்க, திரும்பினா அவுக போகமாட்டாக, நேரா ஏறுங்கன்னார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் திரும்பல. பிரேமலதா போகட்டும்னு கழுத்து நோவ முன்னால பார்த்தே ஏறினேன். நீ எனக்குப் பின்னால் நின்னு ஈரக் கையோட கேமராவை எடுத்திருக்கே. படத்துக்குக் கீழே தலைப்பில்லைன்னு வேற எழுதியிருக்கே. உன்னை ஏலே ராசான்னு கூப்பிட்டவளுக்குப் பேர் இல்லையா? அடுத்த மாசம் விற்கப்போறதாவும் போட்டிருக்கு. யார் வீட்டுச் சோபாவுக்கு மேலே மாட்ட? படம் அழகாத்தான் இருக்கு, அதுதான் எரியுது. நாற்பத்தஞ்சு வயசில் தனியாகிப்போனவன் திரும்பாம வந்துட்டேன்னு ஒரே ஒரு தைரியத்தில் இருந்தேன். நீ திருப்பிட்டே.

விற்காதே. இறக்கிடு.

எனக்கு இப்போ வாழ்த்த வாய் வரல, நெல்லையப்பரும் காந்திமதியும் உன்னைக் காக்கட்டும். அங்கன குளிர் தொடங்கியிருக்கும், உனக்குச் சளி பிடிச்சா நெஞ்சில் இறங்கும், கம்பளியை மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா
ஐயம்பெருமாள்

இனி நான் செய்யப்போவது:

1. படம் கண்காட்சிச் சுவரிலிருந்து இறங்கியதென்று நீ எழுதும்வரை உன் போனை எடுக்கமாட்டேன்.
2. இறங்காவிட்டால் மாசியில் அம்மா திதிக்கு நீ வரவேண்டாம். எள்ளும் தண்ணியும் முத்துராணி கையால் விடச் சொல்வேன்.
3. இதைத் தபாலில் சேர்த்ததும் என் போனில் இருக்கும் படத்தை அழிப்பேன். அதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை பார்ப்பேன்.