காலி பெஞ்சுக்குக் காரணம் கேட்டவர்

இன்று காலை வாழையிலையை அனலில் வாட்டியபோது எழுந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, தம்பி. என்னைவிடச் சிறியவர் நீங்கள். கிள்ளானில் காய்ச்சலில் இறந்துபோய்விட்டீர்கள் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் என் சாப்பாட்டுக் கடையை எடுத்து நடத்தத்தான் வந்தீர்கள். அப்போது மூன்று மாதமாகப் பெஞ்சுகள் காலி. "கடைய ஏன் விடுறீங்கண்ணே?" என்று கேட்டீர்கள்.

"கல்யாணம் ஆன மாசத்துலேருந்து வியாபாரம் படுத்துருச்சு. அவ ராசி அப்படி" என்றேன். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி பார்வதியின் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நீங்கள் விலை பேசவில்லை. "நடந்தத மட்டும் மொதல்ல சொல்லுங்க. நீங்க நெனைக்கிறத அப்புறம் கேட்டுக்கறேன்" என்றீர்கள். யார் சாப்பிட வந்தார்கள், எப்போது நின்றார்கள், அதே மாதம் வேறு என்னென்ன மாறியது என்று விடாமல் கேட்டீர்கள். பெரும்பாலும் ரயில் பட்டறை ஆட்கள் என்றதும், "வராம போனவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றீர்கள். கேட்கவில்லை. வெட்கம்.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதும் நேரத்தில் பட்டறைப் பக்கம் போனீர்கள். சட்டை நனைய வியர்த்துத் திரும்பி வந்தீர்கள்.

"பட்டறையோட பழைய கேட்ட அடச்சிட்டு பின்னால புதுசா தொறந்திருக்காங்க. சுத்தி வந்து சாப்பிட்டுப் போக அரை மணி நேரம் பத்தலையாம். உங்க கொழம்ப இன்னும் பேசுறாங்கண்ணே."

அதே மாதம் கேட் மாறியது எனக்கும் தெரியும். அதையும் காலி பெஞ்சையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கையருகே பழி போட ஒருத்தி இருந்தாள்.

"அப்ப கடைய எடுத்துக்கறீங்களா?" என்றேன்.

"காரணம் தெரியாம இருந்தா கொறஞ்ச வெலைக்கு எடுத்திருப்பேன். இப்ப மனசு வரல. சோத்த எலையில கட்டி அந்த கேட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க" என்றீர்கள். உங்களுக்கென்று ஓர் இடம் தேடிக் கிள்ளானுக்குப் போனீர்கள்.

கடை பிழைத்தது. ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் போனதும் உள்ளே போய், "உன் மேல தப்பில்ல" என்றேன். பார்வதி தட்டைத் துடைத்தபடியே, "அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியத்தான் அசலூர் ஆளு ஒருத்தர் வரவேண்டியிருந்துச்சு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஏதாவது சொல்ல வந்தால், முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் கேட்கப் பழகுகிறேன், தம்பி. எல்லா நாளும் முடிவதில்லை.