மழை பெய்யாத ஞாயிறுகள்

செவ்வாய், இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பன்விலயிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மழை அளவுகளைக் கணினி லாப்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, சராசரி காணும் வழியைக் கணினிக்குப் படிப்படியாக எழுதச் சொன்னேன். விடை வந்ததும் எல்லோரும் எழும்பிவிட்டார்கள், ரிஸ்னாவைத் தவிர.

"மிஸ், ஞாயித்துக்கிழம எல்லாத்துக்கும் சைபர் போட்டிரிக்கு. மழ பெய்யல்லயா, ஒருத்தரும் அளக்கல்லயா?"

"ஞாயிறு லீவுடி, ஒங்க வாப்பாவா வந்து அளப்பாரு?" என்றாள் பன்விலயிலிருந்து வரும் தர்ஷினி.

சிரிப்பு அடங்கியதும் சண்டை தொடங்கியது. அளக்காத நாளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? கணினிக்கு அதை எப்படிச் சொல்வது? இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

அப்போதுதான் கணிதப் பகுதித் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு பாடவேளை முழுக்க ஒரு சராசரியோ டீச்சர்? சோதினையில கொம்பியூட்டர் தருவினமோ? நாளையில இருந்து லாப் வேண்டாம். பழைய வினாத்தாளுகளைச் செய்வியுங்கோ."

அவர் சொல்வது முழுக்கப் பிழையென்றும் சொல்ல முடியாது. பரீட்சை பிள்ளைகளுக்குத்தானே. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். "சரி சேர்" என்று லாப் பூட்டின் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

வாசலில் ரிஸ்னா மறித்தாள். "அப்ப சரியான சராசரி எவ்வளவு மிஸ்?"

நாளைக்குப் பார்ப்போம் என்றேன், திறப்பு கையில் இல்லாமலே.