சி.எஸ்.வி. கெடுத்தது, சி.வி.எஸ். மீட்டது

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது உன் கொப்பித்தாள் ஒன்று கிடைத்தது. உன் சாய்ந்த எழுத்தில்: "சி.எஸ்.வி. – காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. சி.வி.எஸ். – கோப்பே இல்லை. செய்த மாற்றங்களை எல்லாம் வரிசையாய்ச் சேர்த்து வைக்கிற மென்பொருள்." நீ மறைந்து நாலு மாதத்துக்குப் பிறகு, முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது யுத்தகாலம். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் அறையெடுத்திருந்தாய். நான் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டியில் அந்தச் சின்னக் கணினி அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மூன்றெழுத்துச் சொற்கள் இருவருக்குமே விளங்கவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, கையேட்டை வரிவரியாய் வாசித்துத்தான் பிடித்தோம்.

வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் நம் பொறுப்பில் இருந்தது. "பெயர்ப்பட்டியலுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று மற்றவர்கள் கேட்டும், நீ மாலைதோறும் அதைச் சி.வி.எஸ்ஸில் ஏற்றிவிட்டே எழும்புவாய்.

நிவாரண லொறிகள் புறப்படவிருந்த நாளின் காலையில், நான் பட்டியலைச் சி.எஸ்.வி.யாகச் சேமித்து, பழைய கோப்பையும் அழித்துவிட்டேன். திறந்தால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழெழுத்தை ஏற்காத அந்தச் சேமிப்பில் எல்லாம் கேள்விக்குறிகள்.

"என்ன புள்ள இது? ரெண்டு மணிக்கு லிஸ்ட் எடுக்க வாராங்களே!" நிர்வாகி தலையில் கைவைத்தார்.

"நான்தாங்க செஞ்சேன். வேலைய விட்டுப் போயிடுறேன்" என்றேன்.

நீ உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் இழுத்தாய். "அழாதையடி. எந்தப் பதிப்பு வரைக்கும் சரியா இருந்தது?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப நேற்றையதை எடுப்பம். சி.எஸ்.வி. கெடுத்தாலென்ன, சி.வி.எஸ். இருக்கெல்லே!"

கட்டளையை என்னையே தட்டச்சு செய்யச் சொன்னாய். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பின: கந்தையா, பாக்கியம், செல்வராணி. யாழ்ப்பாணத் தமிழ் என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ்ஸில் தணிந்த குரலிலேயே பேசிப் பழகிய நீ, அன்று எழுந்து நின்று முதற் பக்கத்தை உரக்க வாசித்தாய். அலுவலகமே கைதட்டியது. இரண்டு மணிக்குப் பட்டியல் போனது. லொறிகளும் போயின.

இப்போது பதினைந்து பேர் என் கீழ் வேலை செய்கிறார்கள். யாராவது ஒன்றைக் கெடுத்துவிட்டு முகம் வெளிறி வந்து நின்றால், யார் செய்தது என்று நான் கேட்பதில்லை. எதுவரை சரியாக இருந்தது என்றுதான் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே, அவர்கள் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறேன்.